நாற்பத்தோராவது கட்டி

பல் டாக்டரின் மாமியார் பல் செட்டுக்கு அளவெடுக்க, வாய் நிறைய அச்சுப் பசையோடு நாற்காலியில் சாய்ந்திருந்த நேரத்தில்தான் அந்தப் பெண் உள்ளே வந்தாள். குழந்தையை இடுக்கிக்கொள்வது போல ஒரு பிளாஸ்டிக் தொட்டியை இடுப்பில் அணைத்துப் பிடித்திருந்தாள். தொட்டியில் தண்ணீர். தண்ணீருக்குள் பூசணிக்காய் அளவில், சிப்பியும் மணலும் அப்பிய ஏதோ ஒன்று.

“டாக்டர், இந்தக் கல்லுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துத் தர முடியுமா?”

டாக்டருக்கு அவளை நன்றாகத் தெரியும். துறைமுகத்துக்கு எதிரே மூடிக் கிடந்த ஐஸ் தொழிற்சாலையை அருங்காட்சியகத்தார் வாடகைக்கு எடுத்து, மூழ்கிய கப்பல் ஒன்றிலிருந்து வந்த பொருள்களை அங்கே சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். இருநூற்றைம்பது வருடம் கடலடியில் கிடந்த பொருளின் மேல் துருவும் சுண்ணாம்பும் சிப்பியும் சேர்ந்து கல்லாக இறுகிவிடும். அந்தக் கட்டிகளைச் சுரண்டப் பல் வைத்தியக் கருவிகளை விட்டால் வேறு தோதானது இல்லை. மழுங்கிப்போன கொக்கிகளையும் ஊசிகளையும் இரண்டு வருடமாக இவரிடம்தான் வாங்கிப் போகிறாள். பட்டறையில் அவளுக்குப் பெயரே ‘ஊசி’.

“இது பல்லுக்கு உள்ள மெஷின்மா. தாடையைத் தாண்டினாலே அதுக்கு மூச்சு வாங்கும். ஏன், துறைமுகத்துல சரக்குப் பெட்டிக்கு எடுக்கற பெரிய எக்ஸ்ரே இருக்கே?”

“அங்கதான் எட்டு மாசம் முன்னாடி எடுத்தோம். உள்ள பெரிய பெரிய தங்கக் காசு, அடுக்கி வச்ச மாதிரி. எண்ண முடிஞ்ச வரைக்கும் நூத்துக்கு மேல. வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் முன்னாடி இதை உடைக்கப் போறாங்க.” அவள் தொட்டியை மேஜைமேல் இறக்கி வைத்தாள். “ஆனா நேத்து தண்ணி மாத்தும்போது தடவிப் பார்த்தேன். என் விரலைக் கிழிச்ச சிப்பி ஒண்ணு இதுல உண்டு. அது இருக்கு, அதே இடத்துல இருக்கு. ஆனா கிழிக்கல. மொண்ணையா இருக்கு. டாக்டர், இது என் கட்டி இல்லை.”

நாற்காலியில் இருந்த அம்மாள் ஒரு விரலை உயர்த்தினார்.

“இன்னும் ரெண்டு நிமிஷம் அத்தை. இப்பப் பேசினா அச்சு கெட்டுடும்” என்றார் டாக்டர்.

விரல் இறங்கவில்லை. அந்த அம்மாள் முப்பத்திரண்டு வருடம் துறைமுகச் சுங்கத்தில் மற்றவர்களின் பெட்டிகளைத் திறந்து பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் பத்திரம் காணோம், கையெழுத்து பொய் என்று ஆட்கள் ‘கஸ்டம்ஸ் அம்மா’வைத் தேடி வருவது நிற்கவில்லை. அப்படி யார் வந்தாலும் மருமகனுக்கு அன்றைக்கு ஆஸ்பத்திரியில் வேலை ஓடாது. கூடவே கிளம்பிவிடுவார். மனைவி திட்டுவாள் என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வரும்.

அச்சு கழன்று வந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, அந்த அம்மாள் கேட்டது ஒரே கேள்வி.

“இதை நீ ஒருத்தியாவாம்மா தூக்கிட்டு வந்தே?”

“ஆமாம்மா. காவலாளி டீ குடிக்கப் போன நேரம் பார்த்து ஆட்டோவுல வச்சு, மாடி ஏறி...”

“எட்டு மாசம் முன்னாடி தொட்டியில இறக்கினது யாரு?”

“என் தாய்மாமாவும் இன்னொருத்தரும். ரெண்டு பேருக்கும் இடுப்பு பிடிச்சுக்கிச்சு. அதுக்கப்புறம் சங்கிலிக் கப்பி வச்சுத்தான்...” ஊசி பாதியில் நிறுத்தினாள்.

“அப்ப எக்ஸ்ரே எதுக்கு? உள்ள தங்கம் இல்லை.”

டாக்டர் இதற்குள் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டியின் மேல் குனிந்திருந்தார். “அத்தை, இங்க பாருங்க! சிப்பி மடிப்புக்குள்ள முத்து முத்தா பொடிசா இருக்கு. அச்சு எடுக்கும்போது பசையில காத்துக் குமிழ் மாட்டிக்கிட்டா, அதுல வார்க்கறதுல இப்படித்தான் முத்து விழும். பல் செட்டுல தினம் பார்க்கறேன். இது வார்த்த பொருள்!”

“இப்பத்தான் நீங்க படிச்ச படிப்பு வீட்டுக்கு உபயோகப்படுது மாப்பிள்ளை” என்றார் கஸ்டம்ஸ் அம்மா. “ஏம்மா, இதை ஏன் உங்க மேலதிகாரிகிட்ட சொல்லல?”

ஊசி தொட்டியைப் பார்த்தபடி நின்றாள். அந்தக் கப்பலைக் கண்டுபிடித்தவர் அவளுடைய தாய்மாமா. கடலில் மூழ்கி எடுப்பதுதான் அவர் தொழில். அவசரப்படாமல் மெல்ல மேலே வருவதால் எல்லோரும் அவரை ‘ஆமை’ என்பார்கள். இருபது வருடத்துக்கு முன்னால் வேறொரு கப்பல் வேலையில் ஒரு பொருள் காணாமல் போனபோது சந்தேகம் அவர் மேல் விழுந்தது. நிரூபிக்கவும் இல்லை, இல்லை என்று யாரும் சொல்லவும் இல்லை. அன்றிலிருந்து எந்த வாசலைத் தாண்டினாலும் அவரைத்தான் சோதிப்பார்கள்.

“சொன்னா முதல்ல மாமாவைத்தான் பிடிப்பாங்க. அடுத்தது என்னை. அது போகட்டும்மா. நேத்து ஒரு நிமிஷம் நானே நினைச்சுட்டேன், மாமா எடுத்திருப்பாரோன்னு. அந்த ஒரு நிமிஷம்தான் மனசை அறுக்குது.”

“அந்தத் தொட்டியைப் பத்தி ஏதாவது எழுதி வைப்பியா?” என்று கேட்டார் கஸ்டம்ஸ் அம்மா.

ஊசி பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். கடலிலிருந்து வந்த கட்டி நல்ல தண்ணீரில் ஊறும்போது உப்பை மெல்ல மெல்லக் கக்கும். திங்கட்கிழமைதோறும் தொட்டித் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து மருந்து இரண்டு சொட்டு விடுவாள். உப்பு இருந்தால் தண்ணீர் வெளுக்கும். எவ்வளவு வெளுப்போ அவ்வளவு உப்பு. முதல் மாதங்களில் ‘பால்’ என்று எழுதியிருந்தாள். பிறகு ‘தண்ணிப்பால்’. பிறகு பல வாரம் ‘மங்கல்’. கடைசி மூன்று திங்கட்கிழமையும் ‘தெளிவு’.

“உப்பெல்லாம் போயிடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன்” என்றாள் ஊசி.

“மங்கல்லேர்ந்து கொஞ்சம் மங்கல், அப்புறம் லேசா மங்கல்னு இறங்கியிருக்கணும். ஒரே வாரத்துல குழாய்த் தண்ணி ஆயிடுச்சு. வார்த்த பொம்மைகிட்ட கக்கறதுக்கு என்ன உப்பு இருக்கு? அந்த வாரம்தான் மாத்தியிருக்காங்க. மாப்பிள்ளை, உங்ககிட்ட மழுங்கின கருவி இன்னும் இருக்கா?”

“ஒரு டப்பா நிறைய இருக்கு அத்தை.”

“எடுங்க. நன்கொடை குடுத்துட்டு வருவோம். அம்மா, நீ முன்னாடி போய் இதைப் பழையபடி தொட்டியில வச்சிடு. யார்கிட்டயும் மூச்சு விடாதே.”

ஐஸ் தொழிற்சாலையின் வாசலில் அவர்கள் வண்டியை நிறுத்தியபோது, வெயிலில் கறுத்து ஒல்லியாக இருந்த ஒருவர் சாப்பிட்டுவிட்டு உள்ளே நுழைந்துகொண்டிருந்தார். காவலாளி கேட்பதற்கு முன்பே இரண்டு சட்டைப்பையையும் வெளியே இழுத்துக் காட்டிவிட்டு நடந்தார். காவலாளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அவர்தான் ஆமை” என்று டாக்டர் கிசுகிசுத்தார்.

“தெரியுது” என்றார் கஸ்டம்ஸ் அம்மா.

உள்ளே வரிசையாகத் தொட்டிகள். சிலவற்றில் பாத்திரங்கள், சிலவற்றில் மரத் துண்டுகள், எல்லாம் தண்ணீருக்குள். தலைக்கு மேல் தண்டவாளம் போட்டு அதில் சங்கிலிக் கப்பி தொங்கியது. பட்டறை மேலாளர் கைகூப்பிக்கொண்டு வந்தார். சுவரை ஒட்டியே நடந்தார்.

“தண்ணின்னா எனக்கு ஆகாதும்மா. சின்ன வயசுல கிணத்துல விழுந்து பிழைச்சவன். முழங்காலுக்கு மேல தண்ணியில இறங்கினதே இல்லை. கடவுள் பார்த்து எனக்கு இந்த வேலையைக் குடுத்திருக்கார்!” என்று சிரித்தவர், சட்டென்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். “டாக்டர் வந்ததும் நல்லதாப் போச்சு. ரெண்டு வாரமா இந்தப் பல்லு உயிரை எடுக்குது.”

டாக்டருக்கு அது போதும். சட்டைப்பையில் இருந்த சின்ன டார்ச்சை எடுத்து அங்கேயே வாயைத் திறக்கச் சொன்னார். மேல் கடைவாய்ப் பல்லில் பழைய அடைப்பு முழுசாகக் கழன்று போயிருந்தது. சொத்தை இல்லை, விரிசல் இல்லை.

“கெட்டியா எதையாவது கடிச்சீங்களா?”

“இல்லை டாக்டர். தானா விழுந்துடுச்சு.”

“தானா விழாதே” என்று டாக்டர் முணுமுணுத்தார்.

மேலாளர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஊசியின் வேலையை வாயாரப் புகழ்ந்தார். வெள்ளிக்கிழமை ஒரு பெரிய மனிதர் வெள்ளிச் சுத்தியலால் கட்டியை உடைக்கப்போவதைச் சொன்னார். குழந்தைகள் தொட்டுப் பார்ப்பதற்காகக் கட்டி மாதிரியே நான்கு பொம்மை செய்த கலைஞரிடமும் அவர்களை அழைத்துப்போனார். பிறகு தொலைபேசி அடிக்கவே அலுவலக அறைக்குப் போய்விட்டார்.

டாக்டர் மாமியாரின் காதைக் கடித்தார். “நாலு பொம்மை! அத்தை, ஆளு கிடைச்சாச்சு.”

எல்லோரும் ‘பொம்மைக்காரர்’ என்று அழைப்பதில் அந்தக் கலைஞருக்கு ஏற்கெனவே கோபம். டாக்டர் வேண்டுமென்றே, “இதெல்லாம் சீக்கிரம் உடைஞ்சுடும் இல்ல?” என்று கேட்டதும் கொதித்துவிட்டார்.

“உடையுமா? கல் பொடியும் பிசினும் கலந்து வார்த்தது சார்!” அலமாரியிலிருந்து ஒரு சோதனை வார்ப்பை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கித் தரையில் போட்டார். வார்ப்பு உருண்டு சுவரோரம் போய் நின்றது. தரையில் இருந்த ஓடுதான் இரண்டாகப் பிளந்தது. “பார்த்தீங்களா? மூணு பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கு, ஒரு கீறல் கிடையாது. நாலாவது மட்டும் கீழ விழுந்து சுக்குநூறா ஆயிடுச்சுன்னு அலுவலகத்துலேர்ந்து சீட்டு வருது. வேற செஞ்சு தரேன்னேன், வேண்டாம்னு இன்னொரு சீட்டு. எனக்கு மனசு ஆறவே இல்லை.”

“அந்தச் சீட்டு இருக்கா?” என்று கஸ்டம்ஸ் அம்மா கேட்டார்.

“ஏன் இல்லாம? என்னை அவமானப்படுத்தின சீட்டாச்சே.”

பின்கட்டு முற்றத்தில் வெயில் நேராக விழுந்தது. அங்கே நீளமான சிமெண்டுத் தொட்டி ஒன்றில் கடல் தண்ணீர் நிரப்பி, வேண்டாத கட்டிகளைப் போட்டிருந்தார்கள். வெறும் ஆணி, கப்பலின் அடிப்பாரக் கல், இப்படிப்பட்டவை. வைக்க இடமில்லாததால் அவற்றைத் திரும்பக் கடலிலேயே போட்டுவிடுவது வழக்கம். ஒவ்வொரு கட்டியிலும் கயிற்றில் கட்டிய எண்ணுத் தகடு. கதவில் மேலாளர் கையெழுத்திட்ட ஒரு தாள் ஒட்டியிருந்தது: ‘கடலுக்குத் திரும்பும் கட்டிகள் 41. வியாழன் காலை ஆறு மணி.’

ஆமை படகுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர் சிரித்தபோது மேல் வரிசையில் ஓர் இடைவெளி தெரிந்தது. டாக்டரால் சும்மா இருக்க முடியவில்லை.

“அந்தப் பல்லு என்ன ஆச்சு?”

“அது கடல்ல போச்சு டாக்டர். அடைச்ச பல்லு. அடைப்புக்குக் கீழ துளி காத்து இருந்தா போதும். ஆழத்துக்குப் போயிட்டு மேல வரும்போது அந்தக் காத்து உப்பி, அடைச்சதைத் தெறிக்க வச்சுடும். அப்புறம் பல்லையே எடுக்க வேண்டியதாயிடுச்சு. புதுசா முங்கறவங்களுக்குக் காதும் பல்லும்தான் முதல் எதிரி.”

“இத்தனை தகடும் நீங்களா கட்டினது?” என்றார் கஸ்டம்ஸ் அம்மா. அவர் பார்வை தொட்டியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெல்லப் போய்க்கொண்டிருந்தது.

“ஆமாம்மா. போன மாசமே கட்டிட்டேன். நாப்பது முடிச்சு. விரல் தோலே உரிஞ்சு போச்சு. தண்ணியில ஊற ஊற இறுகற முடிச்சு அது, அவிழவே அவிழாது.”

“எங்க கொண்டு போடுவீங்க?”

“எப்பவும் கப்பல் கிடந்த இடத்துலதான். இந்தத் தடவை அவ்வளவு தூரம் வேண்டாம், பழைய மிதவைக்குப் பக்கத்துல போட்டுடுன்னு மேலாளர் சொல்லியிருக்கார். ஆழம் எட்டு ஆள்கூட இருக்காது. அவருக்கென்ன, டீசல் மிச்சம்.”

கஸ்டம்ஸ் அம்மா தொட்டி ஓரத்தில் குந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “வாங்க மாப்பிள்ளை, வீட்டுக்குப் போலாம். உங்க பெண்டாட்டி நாலு தடவை போன் பண்ணிட்டா.”

வழியெல்லாம் டாக்டர் பொம்மைக்காரர் மேல் குற்றப்பத்திரிகை படித்தார். வார்த்தவர் அவர், கோபக்காரர், கோபம்கூட நடிப்பாக இருக்கலாம். மாமியார் எல்லாவற்றுக்கும் “இருக்கலாம், இருக்கலாம்” என்றார். முதல் சிக்னலில் வண்டி நின்றபோது மெதுவாகக் கேட்டார்.

“மாப்பிள்ளை, ஆமை சொன்ன அந்தப் பல்லுக் கதை நிஜமா? உங்க புஸ்தகத்துல இருக்கா?”

“இருக்கு அத்தை. மூணாம் வருஷம் படிச்சோம். அடைப்பு அப்படியே முழுசா...”

பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். வீடு வரும் வரை அவர் வாயே திறக்கவில்லை. கல்யாணமான ஒன்பது வருடத்தில் அது முதல் தடவை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பின்கட்டு முற்றத்தில் எல்லோரும் கூடினார்கள். தொட்டியில் இருப்பது பொம்மை என்று கஸ்டம்ஸ் அம்மா சொல்லியனுப்பியதால் அருங்காட்சியகத் தலைவி நேரில் வந்திருந்தார். வாசல் பக்கம் போலீஸ் அதிகாரி ஒருவர் சாதாரண உடையில் நின்றார். மேலாளர், பொம்மைக்காரர், ஆமை, ஊசி. நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் கஸ்டம்ஸ் அம்மா உட்கார்ந்தார்.

“உள்ள தொட்டியில இருக்கறது பொம்மைன்னு இப்ப எல்லாருக்கும் தெரியும்” என்று தொடங்கினார். “அப்ப நிஜம் எங்க? வாசல்ல சோதனை இருக்கு. அவ்வளவு கனத்தை யாரும் மடியில கட்டிட்டுப் போக முடியாது. வெளியில எடுத்துட்டுப் போனாலும் காய விட்டா வெடிச்சுடும்னு இங்க வேலை செய்யற எல்லாருக்கும் தெரியும். அதனால அது தண்ணியிலதான் இருக்கணும், இந்தக் காம்பவுண்டுக்குள்ளதான் இருக்கணும். எல்லாரும் எது குறையுதுன்னு தேடுவாங்க. நாங்க சுங்கத்துல எது கூடியிருக்குன்னு தேடுவோம். பட்டியல்ல இல்லாத பெட்டிதான் எங்களுக்குப் பெட்டி.”

ஆமையின் பக்கம் திரும்பினார். “நீங்க எத்தனை முடிச்சுப் போட்டீங்க?”

“நாப்பதும்மா.”

“கதவுல நாப்பத்தொண்ணுன்னு இருக்கு. தொட்டியிலயும் நாப்பத்தொண்ணு. எண்ணிப் பார்த்தேன். மாசக்கணக்கா வெயில் படற கடல் தண்ணி, எல்லாக் கட்டி மேலயும் பச்சைப் பாசி. மூலையில இருக்கற ஒண்ணு மட்டும் மூணு வாரம் முன்னாடி குளிச்சு வந்த மாதிரி இருக்கு. அதோட தகட்டுல இருக்கற முடிச்சு, நாம செருப்புக்குப் போடற முடிச்சு. ஆமை இதைக் கட்டல. வேற யாரோ கட்டி, ஆமை கையாலேயே வெளியில கொண்டு போகப் பார்த்திருக்காங்க. வியாழக்கிழமை படகு ஏறியிருந்தா காவலாளி கும்பிட்டு அனுப்பியிருப்பார். வெள்ளிக்கிழமை பொம்மை உடைஞ்சிருக்கும். தனியாக் கடலுக்குப் போனவர் யாருன்னு ஊரே ஆமையைக் கை காட்டியிருக்கும்.”

ஊசி ஏற்கெனவே தொட்டிக்குள் இறங்கிவிட்டாள். முழங்கை வரை நனைய அந்த மூலைக் கட்டியைத் தடவினாள். சட்டென்று கையை இழுத்தாள். ஆள்காட்டி விரலில் ரத்தம் கோடாக இறங்கியது.

“இதான்!” என்று கத்தினாள், அழுகையும் சிரிப்புமாக. “கிழிச்சுடுச்சு! இதான் என் கட்டி!”

“சரி, யாரு?” என்றார் தலைவி.

“நாலாவது பொம்மை உடைஞ்சுதுன்னு சீட்டு எழுதினவர்” என்றார் கஸ்டம்ஸ் அம்மா. “அந்தப் பொம்மை உடையாதுன்னு உள்ள பிளந்து கிடக்கற தரை ஓடு சாட்சி சொல்லும். பட்டியலை நாப்பத்தொண்ணு ஆக்கினவர். ஆழமில்லாத இடத்துல போடச் சொன்னவர். ஞாயித்துக்கிழமையும் சாவி வச்சிருக்கறவர். கப்பி இருக்கு, தூக்க ஆள் துணை வேண்டாம்.”

மேலாளர் சிரிக்க முயன்றார். “அம்மா, கடல்ல போட்டதை நான் எப்படி எடுப்பேன்? எனக்குத் தண்ணின்னாலே...”

“மாப்பிள்ளை, நீங்க சொல்லுங்க.”

டாக்டர் இதற்காக இரவெல்லாம் வாசகத்தை மனப்பாடம் செய்திருந்தார். நேரம் வந்ததும் எல்லாம் மறந்துபோய், நேராக விஷயத்துக்கு வந்தார். “உங்க பல்லு சார்! சொத்தை இல்லாம, கடிக்காம, அடைப்பு அப்படியே முழுசா வராது. ஆழத்துலேர்ந்து மேல வந்தாத்தான் அப்படித் தெறிக்கும். முழங்கால் தண்ணியில நின்னா ஆமை மாமாவுக்கு வந்த வியாதி உங்களுக்கு எப்படி வந்துச்சு?”

“அடுத்த துறைமுகத்துல முங்கு பழகற பள்ளிக்கூடம் ஒண்ணு இருக்கு” என்றார் கஸ்டம்ஸ் அம்மா. “நேத்து சாயங்காலம் பேசினேன். பதினோரு வகுப்பு. நல்ல மாணவர்னு சொன்னாங்க.”

மேலாளர் தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“எட்டு மாசமா அந்த எக்ஸ்ரே என் மேஜைக்கு எதிர்லயே மாட்டியிருந்துது” என்றார் தரையைப் பார்த்து. “தினமும் பார்த்தேன். முதல்ல எத்தனை காசுன்னு எண்ணினேன். அப்புறம் என்னுடையதுன்னே தோண ஆரம்பிச்சுடுச்சு.”

எல்லோரும் ஆமை கத்தப்போகிறார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு மேலாளருக்கு முன்னால் வந்து நின்றார்.

“பழைய மிதவைக்குக் கீழ போவீங்களா சார், தனியா? பதினோரு வகுப்பு படிச்சுட்டு?” அவர் குரலில் நிஜமான பதற்றம் இருந்தது. “ஆழம் இல்லைதான். ஆனா அடியில நீரோட்டம் ஆளையே சுருட்டும். நானே மூணு தடவை யோசிச்சுத்தான் இறங்குவேன். நீங்க திரும்பி வந்திருக்க மாட்டீங்க சார். யாரும் தேடியும் வந்திருக்க மாட்டாங்க.”

மேலாளர் அப்போதுதான் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதார். போலீஸ் அதிகாரி வந்து தோளைத் தொடும் வரை அழுதார்.

அவர்கள் போன பிறகு, தலைவி ஆமையிடம் வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அன்றோடு வாசல் சோதனை எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆனது. தலைவியே கைப்பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே போனார்.

ஊசி கட்டுப்போட்ட விரலோடு மாமாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “மாமா, ஒண்ணு சொல்லணும். திங்கக்கிழமை ஒரு நிமிஷம் நான் உங்களை...”

“தெரியும்.”

“எப்படி?”

“அன்னிக்குச் சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லையே நீ. என்னமோ நடந்திருக்குன்னு நினைச்சேன். இப்பப் புரிஞ்சுது.” அவர் அவள் தலையில் லேசாகத் தட்டினார். “ஊரு இருபது வருஷமா நினைச்சுது. நீ ஒரே நிமிஷம்தானே? போ, போய் வேலையைப் பாரு. வெள்ளிக்கிழமைக்கு நாள் இல்லை.”

வெள்ளிக்கிழமை வெள்ளிச் சுத்தியல் வரவில்லை. தலைவி அதை வேண்டாம் என்றுவிட்டார். கூடத்தின் நடுவில் ஒரு மேஜை, மேலே விளக்கு, ஈரத் துணிமேல் கட்டி. ஊசி டாக்டரின் பழைய கொக்கியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெரிய மனிதர்கள் அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் போகவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள். ஒரு துணுக்கு உதிரும்போதெல்லாம் கூடமே மூச்சை இழுத்துப் பிடித்தது. டாக்டர், “மெதுவா, மெதுவா, ஈறு பக்கம் போகாதே” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மூன்றாவது மணி நேரத்தில் ஒரு பெரிய ஓடு மொத்தமாகக் கழன்று வந்தது. உள்ளே காசுகள், நேற்று அடித்தது போல மஞ்சளாக. கைதட்டல் எழுந்தது. ஊசி கைதட்டலைக் கவனிக்கவே இல்லை. கழன்ற ஓட்டின் உள்பக்கத்தைத் திருப்பி விளக்கில் பிடித்தாள்.

“மாமா, இங்க வாங்க. இதைப் பாருங்க.”

காசு இருந்த பை எப்போதோ மக்கிப் போயிருந்தது. ஆனால் மக்குவதற்குள் அதன் மேல் கல் இறுகிவிட்டதால், துணியின் ஊடும் பாவும் அப்படியே பதிந்திருந்தன. ஓர் இடத்தில் பை கிழிந்து, யாரோ தைத்திருந்தார்கள். ஒன்பது தையல். முதல் ஆறு நேராக, சீராக. கடைசி மூன்று கோணலாக, அவசரமாக.

“கப்பல் ஆடியிருக்கும்” என்றார் ஆமை. பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து வந்து, தங்கத்தை விட்டுவிட்டு அந்த ஒன்பது தையலை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கஸ்டம்ஸ் அம்மாவும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வரிசையில் நின்று எண்ணினார்.

நூற்றுப் பன்னிரண்டு காசு. கடைசிக் காசு அடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஊசி எழுந்து நாற்காலியை மாமாவின் பக்கம் நகர்த்தினாள்.

“இதை நீங்க எடுங்க.”

“நானா? என் வேலை கரையோட முடிஞ்சுடும்மா. இத்தனை வருஷத்துல உள்ள என்ன இருந்துச்சுன்னு ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை.”

“அதனாலதான்.”

அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கொக்கியை எப்படிப் பிடிப்பது என்று டாக்டர் இரண்டு தடவை காட்டிக் கொடுத்தார். முடிச்சுப் போட்டே உரமேறிய விரல்கள் கொக்கியைக் காசின் விளிம்பில் செருகின. காசு மெல்ல அசைந்தது, பிறகு பிடியை விட்டு அவர் உள்ளங்கையில் விழுந்தது. அதன் கனத்துக்குக் கை ஒரு விரற்கடை இறங்கி நின்றது. கூடத்தில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் அதை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பினார். அவசரப்படவே இல்லை.

“பாப்பா,” என்றார் கடைசியில் ஊசியிடம், கண்ணை எடுக்காமல், “இதுல ஒரு கப்பல் போட்டிருக்கு பாரு. பாயெல்லாம் விரிச்சு, நல்லா ஓடிட்டிருக்கு.”